காதுக்குக் கேட்காத சத்தம்: ஸ்கேன் முதல் எலி மிஷின் வரை



போன வருஷம் ஆடி மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு வசூல், கடன் தவணை, வருகைப் பதிவு எல்லாம் முடிந்து ‘இதர விஷயங்கள்’ என்று வந்தபோது, ஒரே நாளில் மூன்று பேச்சு எழுந்தது.

முதலில் ஒரு மூத்த உறுப்பினர் பேசினார். “எம் மருமகளுக்கு இது அஞ்சாம் மாசம். நர்சம்மா ஸ்கேன் எடுங்கன்னு நடையா நடக்கறாங்க. நான்தான் அனுப்பல. கரண்ட்டு ஒளியை வயித்துக்குள்ள விட்டா பச்சப்புள்ள என்னாத்துக்கு ஆகும்? நாங்கெல்லாம் ஸ்கேன் பார்த்தா பெத்தோம்?”

அடுத்து ஓர் உறுப்பினர் உள்கடன் 2,000 ரூபாய் கேட்டார். வீட்டில் அடுக்கி வைத்த நிலக்கடலை மூட்டைகளை எலி கடித்து நாசம் பண்ணுகிறதாம். “சந்தையில ஒருத்தர் ஒரு மிஷின் விக்கிறாரு. பிளக்குல சொருகினா போதுமாம். நமக்குக் கேக்காத சத்தம் ஒண்ணு வருமாம். எலி, கொசு, கரப்பான் எல்லாம் ஊரை விட்டே ஓடிடுமாம். ரெண்டு வாங்கலாம்னு இருக்கேன்.”

மூன்றாவது பேச்சு கூட்டத்தில் வரவில்லை. கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நடக்கும்போது ஓர் உறுப்பினர் பின்னாலேயே வந்தார். இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தாய். “அக்கா, எனக்கு 15,000 கடன் வேணும். மருத்துவச் செலவுன்னு எழுதிக்கலாமா?” என்றார். என்ன செலவு என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தார். பிறகு, “மறுபடி முழுகாம இருக்கேன் அக்கா. எங்க அத்தை வேற ஊர்ல போய் ஸ்கேன் பார்க்கணும்னு நிக்கிறாங்க” என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் தேவை இருக்கவில்லை.

ஒன்று பயம், ஒன்று ஏமாற்று, ஒன்று குற்றம். மூன்றுக்கும் நடுவில் இருப்பது ஒரே பொருள்தான்: நம் காதுக்குக் கேட்காத சத்தம். அதை மீயொலி என்கிறோம். ஆங்கிலத்தில் அல்ட்ராசவுண்ட். அது எப்படி வேலை செய்கிறது, எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்று தெரிந்துகொண்டால் இந்த மூன்றுக்கும் நாமே பதில் சொல்லிவிடலாம்.

சத்தம் என்றால் என்ன?

வீட்டில் ஒரு தாம்பாளத்தை எடுத்து விரலால் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்று கேட்கும். கேட்டுக்கொண்டிருக்கும்போதே விளிம்பை லேசாகத் தொடுங்கள். விரலில் நடுக்கம் தெரியும். அழுத்திப் பிடித்தால் நடுக்கம் நின்றுவிடும், சத்தமும் நின்றுவிடும். ஆக, சத்தம் என்பது நடுக்கம்தான். தாம்பாளம் நடுங்குகிறது, பக்கத்தில் உள்ள காற்றை நடுங்க வைக்கிறது, அந்த நடுக்கம் அலையாக வந்து காதில் படுகிறது.

ஒரு பொருள் ஒரு விநாடியில் எத்தனை முறை நடுங்குகிறது என்பதை ‘ஹெர்ட்ஸ்’ என்ற கணக்கில் சொல்கிறார்கள். கிலோ, லிட்டர் மாதிரி இதுவும் ஓர் அளவு. மனிதக் காது 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயதாக ஆக மேல் எல்லை குறைந்துகொண்டே வரும். 20,000-க்கு மேல் போனால் அது மீயொலி. சத்தம் இருக்கும், நமக்குக் கேட்காது. நாய்க்கு ஏறக்குறைய 45,000 வரை கேட்கும். எலிகள் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்வதிலேயே ஒரு பகுதி நமக்குக் கேட்காத சத்தம்தான்.

வௌவால் சொல்லிக் கொடுத்த பாடம்

பாழடைந்த மண்டபத்தில், பழைய ஓட்டு வீட்டில் சின்னச் சின்ன வௌவால்கள் இருக்கும். கும்மிருட்டில் பறக்கும். சுவரில் முட்டாது, கம்பியில் சிக்காது, பறக்கிற பூச்சியைக் கவ்விவிடும். எப்படி?

இத்தாலி நாட்டில் ஸ்பல்லன்சானி என்பவர் 1790-களில் இதைச் சோதித்தார். கண் தெரியாமல் செய்தாலும் வௌவால் சரியாகப் பறந்தது. காதை அடைத்தபோது தடுமாறி முட்டியது. காதால் ‘பார்க்கிறது’ என்று புரிந்தது. ஆனால் வௌவால் கத்துகிற சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. அதனால் வெகுகாலம் பலர் நம்பவில்லை. 1938-ல்தான் அமெரிக்காவில் கிரிஃபின் என்ற மாணவரும் பியர்ஸ் என்ற பேராசிரியரும் ஒரு கருவி வைத்து அந்தக் கேட்காத சத்தத்தைப் பிடித்தார்கள். வௌவால் கத்துகிறது, சத்தம் போய் பூச்சியில் பட்டுத் திரும்புகிறது, அந்த எதிரொலியைக் கேட்டு பூச்சி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறது. (ஆலமரத்திலும் புளியமரத்திலும் தலைகீழாகத் தொங்குகிற பெரிய பழந்தின்னி வௌவால்கள் இப்படிச் செய்வதில்லை. அவை கண்ணையும் மூக்கையும் நம்பிப் போகின்றன.)

இதில் நாம் நினைவில் வைக்க வேண்டியது மூன்று விஷயம்.

ஒன்று: எதிரொலி வரும் நேரத்தை வைத்து தூரத்தைக் கணக்குப் போடலாம். காற்றில் சத்தம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மலைப் பக்கம் நின்று கூப்பிட்டு, ஒரு விநாடி கழித்து எதிரொலி வந்தால் மலை 170 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. போக 170, வர 170. வௌவால் செய்வதும் இதே கணக்குதான். பூச்சி 1.7 மீட்டர் தூரத்தில் இருந்தால் எதிரொலி ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் வந்துவிடும்.

இரண்டு: சின்னப் பொருளைக் கண்டுபிடிக்க சின்ன அலை வேண்டும். மணல் சலிக்கிற சல்லடையில் ரவை நிற்குமா? ரவைக்கு நெருக்கமான சல்லடைதான் வேண்டும். அதுபோல, நாம் பேசுகிற சத்தத்தின் அலை நீளமானது. பூச்சி மாதிரி சின்னப் பொருளைச் சுற்றிக்கொண்டு போய்விடும். நடுக்கம் வேகமாக ஆக ஆக அலை குட்டையாகும். 50,000 ஹெர்ட்ஸில் அலையின் நீளம் 7 மில்லிமீட்டர்தான். அதனால்தான் வௌவாலும் மருத்துவரும் கேட்காத சத்தத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

மூன்று: ஒரு பொருள் முடிந்து வேறு பொருள் தொடங்கும் இடத்தில் சத்தம் திரும்பும். அதுவும் காற்றும் கெட்டிப் பொருளும் சந்திக்கிற இடத்தில் மீயொலி ஏறக்குறைய முழுதாகவே திரும்பிவிடும். இந்த மூன்றாவது விஷயத்தை மறக்காதீர்கள். ஸ்கேனுக்கும் எலி மிஷினுக்கும் இதுதான் சாவி.

அடுப்படி லைட்டரும் ஸ்கேன் கருவியும்

இந்தச் சத்தத்தை மிஷின் எப்படிப் போடுகிறது? கேஸ் அடுப்புப் பற்ற வைக்கிற லைட்டரை நினைத்துப் பாருங்கள். பேட்டரி இல்லை, கரண்ட் இல்லை, அழுத்தினால் ‘டிக்’ என்று பொறி வருகிறது. உள்ளே ஒரு சிறு துண்டு இருக்கிறது. அதை அடித்தால் மின்சாரம் வரும். இந்தக் குணத்தை 1880-ல் பிரான்ஸ் நாட்டில் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். இதைத் திருப்பிப் போட்டாலும் வேலை செய்யும். மின்சாரம் கொடுத்தால் அந்தத் துண்டு நடுங்கும். வேகமாக நடுங்க வைத்தால் மீயொலி பிறக்கும்.

ஸ்கேன் எடுக்கும்போது வயிற்றில் வைத்து நகர்த்துகிறார்களே, அந்தக் கைக்கருவிக்குள் இருப்பதும் இந்த ஜாதிப் பொருள்தான். மின்சாரம் கருவியோடு நின்றுவிடும். வயிற்றுக்குள் போவது நடுக்கம் மட்டுமே. எதிரொலி திரும்பி வந்து அந்தத் துண்டை அடிக்கும்போது, லைட்டர் மாதிரியே அதில் மின்சாரம் உண்டாகும். கம்ப்யூட்டர் அதைக் கணக்குப் போட்டு படமாகக் காட்டுகிறது.

முதலில் இது மருத்துவத்துக்காக வரவில்லை. முதல் உலகப் போர் சமயம், 1917 வாக்கில், கடலுக்கு அடியில் வருகிற நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்க பிரான்ஸில் லாஞ்செவன் என்ற விஞ்ஞானி இப்படி ஒரு கருவி செய்தார். பிறகு இரும்புக்குள் இருக்கும் விரிசலைப் பார்க்கத் தொழிற்சாலைகளில் வந்தது. ஸ்காட்லாந்து நாட்டில் கிளாஸ்கோ நகரத்து மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்டு 1955-ல் ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டிகளைக் கையோடு கொண்டுபோய், இரும்பு சோதிக்கிற அந்தக் கருவியில் வைத்துப் பார்த்தார். நீர்க்கட்டிக்கும் சதைக்கட்டிக்கும் எதிரொலி வேறு வேறாக வந்தது. 1958-ல் வயிற்றுக்குள் உள்ளதை ஸ்கேன் படமாக வெளியிட்டார். கத்தி வைக்காமல் வயிற்றுக்குள் பார்க்கும் வழி பெண்களுக்கு அப்படித்தான் வந்தது.

ஒளி இல்லை, ஒலி

இப்போது அந்த மூத்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். அவர் “கரண்ட்டு ஒளி” என்றார். ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஒளி இல்லை, ஒலி. எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் கதிர் வைத்து எடுப்பவை. கர்ப்பிணிகள் அவற்றை மருத்துவர் அவசியம் என்று சொன்னால் மட்டுமே எடுக்க வேண்டும். நம் ஊரில் எல்லாவற்றையும் ‘ஸ்கேன்’ என்றே சொல்வதால் குழப்பம் வருகிறது. கர்ப்பிணிக்கு எடுப்பது மீயொலி ஸ்கேன். இதில் கதிர் கிடையாது. உலகம் முழுக்கப் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்தியும், மருத்துவர் சொல்படி எடுக்கும் இந்த ஸ்கேனால் குழந்தைக்குக் கெடுதல் என்று நிரூபணம் ஆகவில்லை. அதற்காக ஆசைக்கு அடிக்கடி எடுப்பதும் சரியல்ல. தேவைக்கு, தேவையான நேரம் மட்டும்.

ஸ்கேன் அறையில் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று பலரும் கேட்பார்கள்.

வயிற்றில் ஜெல் தடவுவது ஏன்? கருவிக்கும் தோலுக்கும் நடுவில் துளி காற்று இருந்தாலும் மீயொலி அங்கேயே திரும்பிவிடும். அந்தக் காற்று இடைவெளியை அடைக்கத்தான் ஜெல். அது மருந்து அல்ல.

தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்வது ஏன்? மூத்திரப்பை நிறைந்தால் காற்று நிறைந்த குடலை அது ஒதுக்கிவிடும். தண்ணீர் வழியாகச் சத்தம் நன்றாகப் போகும். ஆரம்ப மாதங்களில் இது முக்கியம்.

படத்தில் கறுப்பு வெள்ளை ஏன்? எலும்பு மாதிரி நிறைய எதிரொலி தருவது வெள்ளை. தண்ணீர் எதிரொலி தராது, கறுப்பு.

இந்த ஸ்கேனில் சத்தத்தின் நடுக்கம் விநாடிக்குப் பல லட்சம். 35 லட்சம் ஹெர்ட்ஸ் என்றால் உடம்புக்குள் அதன் அலை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அதனால்தான் குழந்தையின் விரலைக்கூட எண்ண முடிகிறது.

கர்ப்பிணிகள் 24 வாரத்துக்குள் ஒரு முறையாவது ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-ல் பரிந்துரை செய்தது. முதல் மூன்று மாதத்தில் எடுத்தால், கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறதா, எத்தனை வாரம், ஒரு குழந்தையா இரட்டையா என்று தெரியும். ஐந்தாம் மாத ஸ்கேனில் தலை, முதுகுத்தண்டு, இதயம் சரியாக வளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். கடைசி மாதங்களில் தலை திரும்பியிருக்கிறதா, பனிக்குட நீர் போதுமா, நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்கள்.

இதையெல்லாம் அந்த அம்மாவிடம் தாம்பாளம், லைட்டர் வைத்துத்தான் சொன்னேன். அடுத்த வாரமே மருமகளை அனுப்பினார். நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடிக்கொண்டு கீழே இருந்தது. “பல பேருக்கு மாசம் ஏற ஏற மேலே போயிடும், எட்டாம் மாசம் திரும்பப் பார்க்கலாம், அதுவரைக்கும் ரத்தக்கசிவு இருந்தா உடனே வாங்க” என்று மருத்துவர் சொன்னார். எட்டாம் மாதமும் அது நகரவில்லை. முன்னதாகவே அரசு மருத்துவமனையில் சேர்த்து, ரத்தம் தயாராக வைத்து, ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். தெரியாமல் வீட்டில் வலி வரக் காத்திருந்தால் ரத்தப்போக்கில் தாயும் சேயும் போயிருக்கலாம். இப்போது அந்த அம்மாவே ஊரில் நர்சம்மாவுக்கு முன்னால் போய் ஸ்கேனுக்கு அழைக்கிறார்.

நம்மைச் சுற்றி மீயொலி

ஸ்கேன் மட்டும் இல்லை, இன்னும் பல இடங்களில் இந்தச் சத்தம் வேலை செய்கிறது.

• மீன்பிடி விசைப்படகுகளில் ‘எக்கோ சவுண்டர்’ வைத்திருக்கிறார்கள். தண்ணீரில் சத்தம் விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். பத்தில் ஒரு பங்கு விநாடியில் எதிரொலி வந்தால் ஆழம் 75 மீட்டர். நடுவில் மீன் கூட்டம் இருந்தாலும் திரையில் தெரியும்.

• ரயில் தண்டவாளத்தில் சிலர் சின்ன வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்டவாளத்துக்கு உள்ளே விரிசல் இருக்கிறதா என்று மீயொலி வைத்துச் சோதிக்கிற வேலை அது. நமக்கு ஜெல் மாதிரி தண்டவாளத்துக்குத் தண்ணீர்.

• நகைக்கடையிலும் கண்ணாடிக் கடையிலும் ஒரு தொட்டித் தண்ணீரில் நகையைப் போட்டு அழுக்கு எடுப்பார்கள். மீயொலி தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத குமிழிகளை உண்டாக்கும். அவை உடையும்போது இடுக்கில் உள்ள அழுக்கு பெயர்ந்து வரும். முத்து மாதிரி மென்மையான கற்களுக்கு இது ஆகாது. அதனால் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள்.

• பல் மருத்துவர் காரை எடுக்கும் கருவியின் நுனி நடுங்குவதும் மீயொலி வேகத்தில்தான். பல்லைத் தேய்த்துக் கரைப்பதில்லை, காரையை உதிர்க்கிறது.

• காரைப் பின்னால் எடுக்கும்போது ‘பீப் பீப்’ என்று வருகிறதே, அந்த பீப் மீயொலி அல்ல. பின்புறம் உள்ள சின்ன வட்டங்கள் மீயொலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கின்றன. பீப் என்பது ஓட்டுநருக்குச் செய்தி.

• 2020-ல் கொரோனா காலத்தில் நம் குழுக்கள் துணி முகக்கவசம் தைத்தோம். தொழிற்சாலையில் செய்யும் முகக்கவசத்தில் ஊசி நூல் கிடையாது. மீயொலி நடுக்கத்தில் சூடேற்றித்தான் நாடாவை ஒட்டுகிறார்கள்.

எலி மிஷின் ஏன் ஏமாற்று?

“எலிக்கு அந்தச் சத்தம் கேட்கும்தானே, அப்ப ஓடாதா?” என்று அந்த உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி. எலிக்குக் கேட்கும் என்பது உண்மை. வியாபாரி சொன்னதில் அந்தப் பாதி உண்மை. மீதிப் பாதிதான் பொய்.

நாம் படித்த மூன்றாவது விஷயத்தை நினைத்துப் பாருங்கள். காற்றில் வரும் மீயொலி கெட்டிப் பொருளில் பட்டால் திரும்பிவிடும். கடலை மூட்டை, சுவர், பரண், பீரோ இவற்றைத் தாண்டிப் போகாது. எலி இருப்பதோ மூட்டைக்குப் பின்னால், பொந்துக்குள்ளே. தவிர, காற்றில் மீயொலி தூரம் போகப் போக வேகமாகத் தேய்ந்துவிடும். முதலில் மிரண்டாலும், ஆபத்து ஒன்றும் இல்லை, சாப்பாடு இருக்கிறது என்று தெரிந்தால் எலி பழகிக்கொள்ளும். ரயில் பாதை ஓரம் குடியிருக்கிறவர்கள் ரயில் சத்தத்துக்கு எழுந்து ஓடுகிறார்களா?

அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் 2001-ல் இப்படிப்பட்ட மிஷின் செய்கிற, விற்கிற 60-க்கும் மேற்பட்ட கம்பெனிகளுக்கு, ஆதாரம் இல்லாமல் விளம்பரம் செய்யக் கூடாது என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. கொசு விரட்டும் சத்தக் கருவிகள் பற்றி நடந்த 10 கள ஆய்வுகளை கோக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2007-ல் தொகுத்துப் பார்த்தது. ஒன்றில்கூடக் கொசுக்கடி குறையவில்லை. இன்னொன்றும் யோசியுங்கள். சத்தம் நமக்குக் கேட்காது என்று அவர்களே சொல்கிறார்கள். அப்படியானால் மிஷின் வேலை செய்கிறதா, வெறும் விளக்கு மட்டும் எரிகிறதா என்று நாம் எப்படித் தெரிந்துகொள்வது?

அந்த 2,000 ரூபாய்க் கடன் கொடுக்கப்பட்டது, ஆனால் வேறு காரணத்துக்கு. சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, மரக்கட்டை அடுக்கி அதன்மேல் மூட்டை வைத்தார். பொந்துகளை சிமெண்ட் போட்டு அடைத்தார். விதைக் கடலையைத் தகர டின்னில் போட்டு மூடினார். இரண்டு எலிப்பொறி வாங்கினார். மீதிப் பணத்தைத் திருப்பிக் கட்டிவிட்டார்.

மூன்றாவது கடன்

எழுதத் தயங்கிய பகுதிக்கு வந்துவிட்டேன். சம்பந்தப்பட்ட சகோதரியின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

இதே ஸ்கேனைத்தான் பெண் குழந்தையைக் கருவிலேயே அழிப்பதற்கும் பயன்படுத்தினார்கள். 2001 கணக்கெடுப்பில் ஆறு வயது வரை உள்ள குழந்தைகளில் 1,000 ஆணுக்கு எத்தனை பெண் என்று பார்த்தால், தமிழ்நாட்டில் 942, சேலம் மாவட்டத்தில் 851. 2011-ல் தமிழ்நாட்டின் எண்ணிக்கை 943. பெண் சிசுவைக் காப்பாற்ற 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில்தான் தொடங்கியது என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதைத் தடுக்க 1994-ல் சட்டம் வந்தது. 1996 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்து, 2003-ல் இன்னும் கடுமையாக்கப்பட்டது. அதன்படி:

• வாயால் சொன்னாலும், சைகை காட்டினாலும், எந்த வழியில் தெரிவித்தாலும் குற்றம்.

• சொல்லும் மருத்துவருக்கு முதல் தடவை 3 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம்.

• சொல்லச் சொல்லிக் கேட்கும் கணவர், உறவினருக்கு முதல் தடவை 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம்.

• கர்ப்பிணி கட்டாயத்தின் பேரில்தான் வந்தார் என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். சட்டம் அவரைத் தண்டிக்க வரவில்லை, காப்பாற்ற வந்தது.

• பதிவு பெற்ற ஸ்கேன் மையத்தில், இங்கே பாலினம் சொல்லப்படாது என்ற பலகை தமிழில் இருக்க வேண்டும். நாம் கையெழுத்துப் போடும் படிவத்திலும் அது இருக்கும். படித்துப் பார்த்து, தெரியாவிட்டால் படிக்கச் சொல்லிக் கேட்டு, கையெழுத்துப் போடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லாக் கருக்கலைப்பும் குற்றம் இல்லை. தாயின் உடல்நலம் போன்ற காரணங்களுக்காக, சட்டம் சொல்லும் காலத்துக்குள், தகுதியுள்ள மருத்துவரிடம் செய்துகொள்ளப் பெண்ணுக்கு 1971 முதலே சட்டத்தில் இடம் உண்டு. எனவே மருத்துவக் கடன் கேட்கும் ஒவ்வொருவரையும் சந்தேகமாகப் பார்க்கக் கூடாது. பெண் என்று தெரிந்து அழிப்பதுதான் குற்றம்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இதற்கு முன் எத்தனை ‘மருத்துவச் செலவு’க் கடனுக்கு நாமே தீர்மானம் போட்டிருப்போம்? ஒரு வார்த்தை பரிவாகக் கேட்டிருந்தால், கேட்கப்பட்ட பெண் வாய் திறந்திருப்பாளோ?

அந்தச் சகோதரியிடம் பேசினேன். ஊக்குநரும் அந்த மூத்த அம்மாவும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். மாமியார் முதலில் முகம் கொடுக்கவில்லை. “எங்க வீட்டு விஷயம். சொத்துக்கு ஒரு புள்ள வேணாமா?” என்றார். இந்துக் குடும்பங்களில் பூர்வீக சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுக்க 2005-லும் சட்டம் வந்துவிட்டது என்று ஊக்குநர் சொன்னார். “ரெண்டும் பொண்ணா பெத்துப் போட்டாளே” என்றார். குழந்தை ஆணா பெண்ணா என்பது அப்பாவின் விந்தணுவைப் பொறுத்தது, எக்ஸ் வந்தால் பெண், ஒய் வந்தால் ஆண், அம்மாவிடம் இருப்பது எக்ஸ் மட்டும்தான் என்று நான் சொன்னேன். அதற்கும் அவர் பேசவில்லை. கடைசியில் மூத்த அம்மா சொன்னதுதான் எடுபட்டது. “ஏன் அக்கா, போன வருஷம் நீ ஆஸ்பத்திரில கெடந்தப்ப, பதினஞ்சு நாளும் உனக்குக் கஞ்சி ஊத்தினது யாரு? உன் மருமகளா, உன் மகனா? அவளும் ஒரு வீட்டுல பொறந்த பொண்ணுதானே?”

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சரி என்று அன்று சொல்லவில்லை. மூன்று முறை போனோம். ஸ்கேனுக்குப் போனார்கள், ஆனால் நம் ஆரம்ப சுகாதார நிலையம் அனுப்பிய இடத்துக்கு, நர்சம்மாவோடு. தை மாதம் பிரசவம் ஆனது. பிறந்தது என்ன குழந்தை என்று இங்கே எழுதப்போவதில்லை. தாயும் சேயும் நலம்.

அந்தக் குழு தீர்மான நோட்டில் இரண்டு வரி எழுதியிருக்கிறது. பாலினம் பார்ப்பதற்கு எந்தப் பெயரிலும் கடன் இல்லை. பெண் குழந்தையின் படிப்புக்குக் கேட்கும் கடனுக்கு முதலிடம்.

நினைவில் கொள்ள

• கர்ப்பிணி ஸ்கேன் ஒலி, கதிர் அல்ல. மருத்துவர் சொன்ன மாதத்தில் தவறாமல் எடுக்க வேண்டும்.

• பிளக்கில் சொருகும் எலி, கொசு மிஷினுக்குப் பணம் போட வேண்டாம்.

• பாலினம் சொல்வதாக யாராவது பணம் கேட்டால், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். வீட்டில் கட்டாயப்படுத்தினால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசலாம். மருத்துவ சந்தேகத்துக்கு 104.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச

1. நம் குழுவில் இப்போது கர்ப்பிணிகள் எத்தனை பேர்? எல்லோரும் ஐந்தாம் மாத ஸ்கேன் எடுத்தாகிவிட்டதா? எடுக்காதவருக்குத் துணைக்கு யார் போவது?

2. மருத்துவக் கடன் கேட்கும் உறுப்பினரிடம், அவர் மனம் நோகாமல், தனியாக எப்படி விசாரிப்பது?

3. தாம்பாளத்தைத் தட்டி, லைட்டரை அழுத்தி, ஸ்கேன் எப்படி வேலை செய்கிறது என்று ஒருவர் மற்றவர்களுக்குச் சொல்லிக் காட்டுங்கள். வீட்டுக்குப் போய் மாமியாருக்கும் மருமகளுக்கும் சொல்லுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.